நாலு மணி பஸ்ஸும் ஆறு மணி பஸ்ஸும்

போன மாதம் விழுப்புரம் அலுவலகத்திலிருந்து செல்வி என்ற பெண் போன் செய்தார். பஸ் நேரங்களைத் திருத்தும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறாராம். "சார், திண்டிவனத்துல பதினாறு வருஷம் டைம்கீப்பரா இருந்தீங்களாமே. மினி பஸ் வருது. வயசானவங்களுக்கு இன்னா தேவைன்னு ஒரு லைன் சொன்னீங்கன்னா போதும், பாரத்துல எழுதிடுவேன்" என்றார்.

அந்தப் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மாணவர், வேலைக்குப் போவோர், வியாபாரிகள் என்று ஒவ்வொருவருக்கும் நாலைந்து கட்டங்கள். கடைசியில் 'முதியோர்' என்று ஒரே ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. அதே போல ஒரே ஒரு வரி எழுதி ஒரு கிழவியின் கையை உடைத்தவன் நான். அதனால் ஒரு வரியில் சொல்ல முடியாது, நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்ள உட்கார்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் பத்தாவது முடித்து, கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, இருபத்தாறு வயதில் வேலைக்கு வந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மூத்த கண்டக்டர் பின்னால் பத்து நாள் நின்றேன். பதினோராவது நாள் பையை என் தோளில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே விசிலைத் தொலைத்துவிட்டேன்; நாள் முழுக்க வாயாலேயே 'ரைட்' சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. மற்றபடி பதினெட்டு வருடம் பெரும்பாலும் திண்டிவனத்திலிருந்து மேல்சித்தாமூர் போகும் டவுன் பஸ்ஸில் ஓடியது.

அந்த பஸ்ஸில்தான் பத்மாவதி அம்மாவை முதலில் பார்த்தேன். மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் பின் தெருவில் வீடு. திண்டிவனத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க எப்போதாவது வருவார். சாயங்காலம் திரும்பும்போது பஸ் நேராக மேற்கே போகும். முன் படிக்குப் பக்கத்து சீட்டில் வெயில் முகத்திலேயே அடிக்கும். யாரும் உட்கார மாட்டார்கள். அந்த அம்மா போய் அங்கேதான் உட்காருவார். வயதானவர் வெயிலில் வாடுகிறாரே என்று நான் நல்லவனாகி, பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, இரண்டு ஸ்டாப் தள்ளி மறுபடியும் முன்னால் போய்விட்டார்.

"ஏம்மா, நிழலாத்தானே இருக்கு" என்றேன் சற்றுச் சூடாக.

"நெழலு நல்லாத்தான் இருக்கு தம்பி. அங்க இருந்தா பொழுது தெரியல" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த சீட்டுக்காரர் சொன்னார்: ஜைனர்கள், அதிலும் வயதானவர்கள், சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர முடியுமா என்று கண்ணாடி வழியாக சூரியனை அளந்துகொண்டே போகிறார். பதினெட்டு வருட கண்டக்டர் வேலையில் நான் கற்ற பெரிய விஷயம் அது. கற்றதைப் பத்து வருடம் மூலையில் போட்டு வைத்திருந்தேன்.

பிறகு டைம்கீப்பராகி ஸ்டாண்டில் உள்ள அறைக்கு வந்தேன். பஸ் வருகிற நேரம், போகிற நேரத்தைக் குறிப்பது, நேரம் மாற்ற வேண்டும் என்றால் காரணம் எழுதி விழுப்புரத்துக்கு அனுப்புவது என் வேலை. வந்த இரண்டாவது வருடமே ஒரு சாதனை செய்தேன். காலை, மாலைக் கூட்டத்தில் வயதானவர்கள் நசுங்குகிறார்கள், அவர்களுக்கென்று பகலில் காலி பஸ் ஒன்று வேண்டும் என்று விடாமல் எழுதி, பதினொன்று நாற்பதுக்கு கூட்டேரிப்பட்டு வரை போய்த் திரும்பும் டிரிப் ஒன்றை வாங்கினேன். ஸ்டாண்டில் எல்லாரிடமும் மார்தட்டிக்கொண்டேன். அந்த பஸ்ஸில் பெரியவர்கள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க விடியும்போதே போய்விட்டார்கள். பேங்க்குக்குப் போகிறவர்கள் கதவு திறக்கும் முன்பே போய் நின்றார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் கிளம்பினார்கள். பகலில் சாவகாசமாகப் போவார்கள் என்பது என் கற்பனை.

தவறாமல் ஒருவர் மட்டும் வந்தார். ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தங்கவேல். மனைவி இல்லை, தனியாக இருந்தார். பதினொன்று நாற்பதுக்கு ஏறுவார், ஜன்னல் ஓரம் உட்காருவார், கூட்டேரிப்பட்டில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவார். "எங்க சார் போறீங்க தினமும்" என்று ஒரு நாள் கேட்டேன். "சும்மாதாங்க. முப்பத்தஞ்சு வருசம் கேட்டைச் சாத்திக்கினு, போறவங்களையே பாத்துக்கினு நின்னேன்" என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இனி அந்த நேர மாற்றத்துக்கு வருகிறேன்.

பத்மாவதி அம்மாவின் தங்கைக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தங்கை மகன் வேலைக்குப் போய்விட்டு மூன்றரைக்குத்தான் வருவார். அதுவரை தங்கையைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொள்ள இந்த அம்மா தினமும் திண்டிவனம் வர ஆரம்பித்தார். எழுபத்தைந்து வயது. ஊரில் கணவருக்கு எண்பத்திரண்டு. சர்க்கரை, கண் பார்வையும் மட்டு. மேல்சித்தாமூருக்குச் சாயங்கால பஸ் ஐந்து பத்துக்கு. ஊர் போய்ச் சேர ஐம்பத்தைந்து நிமிடம். மார்கழியில் அதற்குள் சூரியன் போய்விடும். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ராத்திரி பட்டினி. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுக்கிறார் அந்தப் பெரியவர்.

ஒரு நாள் அந்த அம்மா ஒரு மனுவோடு என் அறை ஜன்னலில் வந்து நின்றார். அவரோடு தெருக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "நாலேகாலுக்கு வண்டிய எடுத்தா போதும் தம்பி. போனதும் அடுப்ப பத்த வச்சுடுவேன்" என்றார்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் செஞ்சிப் பக்கம் படித்தார்கள். ஆகவே அந்த பஸ்ஸில் பெரும்பாலும் வயதானவர்கள்தான். நியாயமான காரியம், உடனே முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். காரணம் என்ற இடத்தில், 'முதியவர்கள் பொழுதோடு வீடு திரும்ப விரும்புகிறார்கள்' என்று அழகாக எழுதி, நானே விழுப்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த மேனேஜர் தாமோதரன் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கிளீனரைக் கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒரு காகிதத்தை உட்கார்ந்துகொண்டு ஒருமுறை படிப்பார். பிறகு எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டு இன்னொரு முறை படிப்பார். சட்டைப் பையில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பென்சில் இருக்கும். பயணிகள் என்று எழுதியிருந்தால் அந்த வார்த்தையின் கீழே கோடு போட்டு, "யாரு? மூணு பேரு பேரச் சொல்லுங்க" என்பார். பேர் தெரியாவிட்டால் காகிதம் திரும்பி வந்துவிடும். அந்தப் பென்சிலுக்கு எங்கள் பக்கத்து டைம்கீப்பர்கள் எல்லாரும் பயப்படுவோம்.

என் காகிதத்தில் 'முதியவர்கள்' என்பதன் கீழே கோடு விழுந்தது. நான் தயாராகப் போயிருந்தேன். மூன்று பேரையும் சொன்னேன்.

"மூணு பேரும் ஒரே தெருவா?"

"ஆமா சார். வயசானவங்கன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சார். இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

அவர் எழுந்து ஜன்னல் ஓரம் போய் இன்னொரு முறை படித்தார். ஓரத்தில் பென்சிலால் 'ஒரே தெரு' என்று எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். என் பேச்சை நம்பித்தான் போட்டார்.

'முதியோர் நலன் கருதி' என்று தொடங்கும் அறிவிப்பை நானே கைப்பட எழுதி ஸ்டாண்டில் ஒட்டினேன். பஸ் நாலேகாலுக்குப் போக ஆரம்பித்தது. பத்மாவதி அம்மா கொஞ்சம் கல்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். பத்து நாள் என் கால் தரையில் பாவவில்லை.

பதினோராவது நாள் காலை அஞ்சலை வந்தாள். ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவள். வயது அறுபத்தெட்டு இருக்கும். மேல்சித்தாமூருக்கு ஒரு ஸ்டாப் முன்னால் காலனியில் வீடு. முட்டி தேயும் வரை வயல் வேலை செய்துவிட்டு, குனிய முடியாமல் போன பிறகு கூடையை எடுத்தவள். தினமும் என் ஜன்னலுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். அன்று வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"உன்னாலதான் ஆச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தக் காயிதத்துல இன்னா எழ்தி ஒட்டிக்கிற? முதியோருக்காவ மாத்திக்கிறோம்னு ஒரு புள்ள படிச்சிக் காட்டுச்சு. யாரு சார் அந்த முதியோரு? நானும்தான் முதியோரு. என்னை யாருனா கேட்டீங்களா?"

நான் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாலு மணிக்கு மேலதான் சார் எனக்கு யாவாரமே. ஜனங்க ஊருக்குக் கெளம்பற நேரம். கூடைய பாதியில தூக்கிக்கினு உன் பஸ்ஸுக்கு ஓடியார முடியுமா? வித்துட்டு செஞ்சி பஸ் புடிச்சி ரோட்ல எறங்கி மூணு கிலோமீட்டரு நடந்து போய்க்கினு கீறேன். நேத்து இருட்ல மதகுல வுயுந்துட்டேன்" என்றாள். பிறகு குரலைக் குறைத்து, "வயசானவ பொழுதோட வூட்டுக்குப் போவணும்னு சொன்னியாமே. என் வூட்ல யாரு சார் சோறாக்கி வச்சிக்கினு குந்திக்கினு கீறாங்க, நான் ஜல்தியா போறதுக்கு?" என்றாள்.

அன்று முழுக்க இடது கையால் பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். நான் என் அறையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. பதினைந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மனு எழுதி வருகிறவர்கள்தான் முதியோர் என்று நினைத்துவிட்டேன்.

பழைய நேரத்துக்கே மாற்றிவிடலாம் என்று டிரைவர்கள் சொன்னார்கள். மாற்றினால் மேல்சித்தாமூரில் இரண்டு பேர் பட்டினி. மாற்றாவிட்டால் இவள் இருட்டில் நடக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று விட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பேரும் வீடு போய்ச் சேரும்வரை இதை விடுவதில்லை என்று மறுநாள் காலையிலேயே விழுப்புரம் போனேன். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கோப்பை எடுத்து 'ஒரே தெரு' என்ற பென்சில் எழுத்தைக் காட்டினார். "எழுதினவன் நானு. எழுதிட்டு கையெழுத்தும் போட்டேனே. தப்பு ரெண்டு பேரு மேலயும்தான்" என்றார். உடனே ஜீப்பைக் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னோடு பஸ்ஸிலேயே திண்டிவனம் வந்தார்.

அன்று நாலேகால் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எத்தனை பேர் என்று அவர் எண்ணவில்லை. வயதான ஒருவர் முதல் படியில் கால் வைத்ததிலிருந்து உட்காரும்வரை எத்தனை விநாடி என்று குறித்தார். முட்டி வலி உள்ளவர்கள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார்கள். கையில் பை இருந்தவர்களுக்கு ஒரு கைதான் இருந்தது. இதெல்லாம் எங்கள் நேரக் கணக்கில் எங்கும் கிடையாது.

பத்மாவதி அம்மா வழக்கம்போல் முன் சீட்டில், முகத்தில் வெயிலோடு இருந்தார். மேனேஜர் அவர் பக்கத்தில் போய் நின்று கேட்டார்: "காலையிலயே ஆக்கி வச்சுட்டு வந்தா ஐயா எடுத்துப் போட்டுச் சாப்பிட மாட்டாருங்களாம்மா?"

"வச்சுட்டுத்தான் வந்தேன் ஒரு வாரம். தொறந்து கூட பாக்கல. நான் வந்து எல போட்டாத்தான் உக்காருவாரு. ஐம்பத்தேழு வருஷமா அப்படியே பழகிட்டாரு. இனிமே போய் மாத்தறதா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த மல்லாட்டைக்காரம்மா என்னாலதான் விழுந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். பழைய நேரத்துக்கே விட்டுடுங்க. நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் கடிகாரத்தை மாட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் போகலாம்மா. ஏழுமலை பாத்துக்குவாரு" என்றார். ஏழுமலை நான்தான்.

திரும்பும் வழியில் கணக்குப் போட்டோம். நாலு மணிக்கு எடுத்தால் ஐந்து ஐம்பத்தைந்துக்குத் திரும்பி வந்துவிடலாம். அதே பஸ்ஸை ஆறு மணிக்கு மறுபடி அனுப்பினால் அஞ்சலைக்கு நேர் பஸ். டிரைவரும் கண்டக்டரும் டீ இடைவேளையை மூன்றரைக்கே எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் ஆயிற்று. அவர்களை நான் சம்மதிக்க வைத்தேன். ஒரே ஒரு தடைதான் மிச்சம். ஒரு பஸ் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று எல்லை உண்டு. ஒரு டிரிப் கூடினால் ஒரு டிரிப் போக வேண்டும். அந்த பஸ் பகலில் ஓட்டிக்கொண்டிருந்தது எந்த டிரிப் தெரியுமா? நான் மார்தட்டி வாங்கிய பதினொன்று நாற்பது.

மேனேஜர் பென்சிலை எடுத்தார். "அதுல போறவங்க பேரச் சொல்லுங்க."

"தங்கவேல் சார்."

"இன்னொருத்தர்?"

"அவருதான் சார்."

"எதுக்குப் போறாரு?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா போறாரு. வெட்டிடலாம் சார்."

அவர் எழுதவில்லை. "சும்மா போறாருன்னு நீங்க சொல்றீங்க. நான் சொல்லல" என்றார். பிறகு எழுதினார்.

தங்கவேலிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவால்லீங்க, அவங்களுக்கு அவசரம்" என்றார். ஒரு வாரம் வரை பதினொன்று நாற்பதுக்கு வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். சாயங்கால பஸ்ஸில் ஏறச் சொன்னேன். கூட்டத்தில் ஜன்னல் கிடைக்காது என்றார். பிறகு வரவில்லை. மகன் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள்.

புது நேரம் தொடங்கிய முதல் நாள் நாலு மணி பஸ்ஸில் போனேன். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல்சித்தாமூர். வெயில் நன்றாகவே இருந்தது. ஸ்டாப்பில் அந்தப் பெரியவர் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். பத்மாவதி அம்மா இறங்கியதும் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு பேரும் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அதே பஸ்ஸில் திரும்பி வந்து, ஆறு மணிக்கு மறுபடி ஏறினேன். அஞ்சலையின் காலிக் கூடையை நான் தூக்கி வைத்தேன். காலனி ஸ்டாப்பில் வாசல் அருகே இறக்கிவிட்டோம். "இன்னா சார், நீயும் வூட்டுக்குப் போவாம சுத்திக்கினு கீற" என்றாள். அந்த இரண்டு பஸ்ஸும் இன்றைக்கும் ஓடுகின்றன.

இதுவரை எழுதி வைத்த பிறகு, போன வாரம் செல்வி வீட்டுக்கு வந்தார். மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க அம்மா மரக்காணம் பக்கத்துல மீன் விக்குது சார். கூடைக்கு நாத்தம்னு பஸ்ல ஏத்த மாட்டாங்க. அம்மாவையும் இந்த ஒரு கட்டத்துலதான் நான் போட்டிருப்பேன்" என்றார். உடனே முதியோர் கட்டத்தை அழித்துவிட்டு, பேர், ஊர், எதற்காக, எத்தனை மணிக்கு என்று புதிதாகக் கோடு போட்டார். கெட்டிக்காரப் பெண்.

கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மினி பஸ்ஸுக்குப் பகலில் ஓய்வு நேரம் இருக்கிறதே, பதினொன்று நாற்பது வாக்கில் கூட்டேரிப்பட்டு வரை ஒரு நடை விட்டால் என்ன?

"அந்நேரத்துக்கு யாரு சார் போவாங்க?"

"போவாங்கம்மா. வயசானவங்க."

செல்வி பேனாவை எடுத்தார். "பேரு சொல்லுங்க சார். பேரு இல்லாம எழுதக் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க."

என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் சென்னையில். காலையில் பேப்பர் படித்து, சோறு வடித்து, துணி துவைத்து முடித்தாலும் மணி பதினொன்றுதான் ஆகிறது. அதற்கு மேல் அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. ஓய்வு பெற்றவனுக்குக் கொடுத்த பாஸ் சட்டைப் பையில் இருக்கிறது. போக ஊர் இல்லை.

"எழுதிக்கம்மா. ஏழுமலை, வயசு அறுபத்தேழு, திண்டிவனம்."

எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தார். "எதுக்காக சார்?"

"சும்மா" என்றேன். "அப்படியே எழுது. அடிக்காதே."